செரோக்கி எக்ஸ்ஜே: 33 இன்ச் டயருக்குப் பின் வீல் ஆர்ச்சை வெட்டி மடிப்பது

கேள்வி இதுதான்: நான்கு கதவு ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே, 4.5 இன்ச் லிஃப்ட் (ஸ்பிரிங்கை மாற்றிப் பாடியை உயர்த்துவது), 33×10.50 ஆர் 15 டயர். சமதரையில் தாராளமாக இடம் தெரிகிறது. ஒரு பின்சக்கரம் பாறைமேல் ஏறினால் மட்டும் ஆர்ச் (சக்கரத்தின்மேல் வளைந்து நிற்கும் பாடி விளிம்பு) டயரைக் கடிக்கிறது. ஆர்ச்சை எவ்வளவு வெட்டலாம், வெட்டினால் பாடி தளர்ந்துபோகுமா, துரு பிடிக்குமா?

வெட்டலாம். 33 இன்ச் டயருக்கு வெட்டித்தான் ஆகவேண்டும். ஆனால் இந்த வேலையைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டே இடத்தில்தான் கெடுக்கிறார்கள். வண்டி நிற்கும்போது டயர் இருக்கும் இடத்தைப் பார்த்துக் கோடு போடுவது முதலாவது. வெளித்தகட்டையும் உள்தகட்டையும் ஒன்றாக அறுத்துவிட்டு, இரண்டுக்கும் நடுவில் திறந்த பொந்தை அப்படியே விடுவது இரண்டாவது. எக்ஸ்ஜேக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. 1984 முதல் 2001 வரை வந்த எல்லா வண்டியிலும் பாடியும் சட்டமும் ஒன்றாகவே பற்றவைக்கப்பட்டவை. பின் ஆர்ச்சின் இரண்டு தகடும் சேர்ந்து ஒரு பெட்டிபோல நிற்பதால்தான் அந்த மூலைக்கு விறைப்பு. அந்தப் பெட்டியைத் திறந்தால் திரும்ப மூடியாக வேண்டும்.

முதலில் கணக்கு. கம்பெனியில் வந்த 225/75 ஆர் 15 டயரின் விட்டம் சுமார் 28.3 இன்ச். 33 என்றால் ஆரம் கிட்டத்தட்ட 2.3 இன்ச் கூடுகிறது. ரிம்மையும் மாற்றியிருப்பீர்கள். பழைய ரிம் 7 இன்ச் அகலம், பேக்ஸ்பேசிங் (ரிம் ஹப்பில் உட்காரும் முகத்திலிருந்து ரிம்மின் உள்விளிம்புவரை உள்ள தூரம்) 5.25 இன்ச். வழக்கமாக வாங்கும் 15×8 ரிம்மில் பேக்ஸ்பேசிங் 3.75. இதனால் டயரின் நடுக்கோடு 2 இன்ச் வெளியே வருகிறது. டயரும் அகலமாகிவிட்டதால் அதன் வெளிப்பக்கம் பழைய இடத்தைவிட 2.8 இன்ச் வெளியே நிற்கும். உள்பக்கம் ஸ்பிரிங்குக்கும் டயருக்கும் இடையே ஓர் இன்ச்சுக்கு மேல் கூடுதல் இடம் கிடைக்கும்; அது லாபம். ஆனால் பழைய டயர் மேலே போகும்போது ஆர்ச்சுக்குள் புகுந்துகொண்டது, புது டயரோ தோளால் (தரையில் படும் பரப்பும் பக்கச்சுவரும் சேரும் மூலை) நேராக ஆர்ச் விளிம்பை முட்டுகிறது. இன்னும் குறைந்த பேக்ஸ்பேசிங் வாங்கினால் இடம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முன்பக்கம் கன்ட்ரோல் ஆர்மில் (முன் ஆக்சிலைப் பாடியோடு இணைக்கும் கை) உரசுவதற்கு அது மருந்து, பின் ஆர்ச்சுக்கு அது வினை.

இனி டயர் எங்கே போகிறது என்பது. எக்ஸ்ஜேயின் பின் லீஃப் ஸ்பிரிங்கில் முன்முனை அசையாத கண், பின்முனை ஷாக்கிள் என்னும் ஆடும் இணைப்பில் தொங்குகிறது. அழுத்தம் ஏற ஏற வளைந்த பட்டை நிமிர்ந்து நீள்கிறது. முன்முனை அசையாததால் ஆக்சில் பின்னோக்கி நகர்கிறது. லிஃப்ட் ஸ்பிரிங்கில் வளைவு அதிகம் என்பதால் நிற்கும்போது சக்கரம் ஆர்ச்சுக்குள் சற்று முன்னால் தெரியும், அழுந்தும்போது பழைய ஸ்பிரிங்கைவிட அதிகமாகப் பின்னே போகும். நிற்கும் வண்டியில் சக்கரத்தைச் சுற்றி அழகான வட்டம் போட்டு வெட்டியவர்களுக்கு, முன்பக்கம் தேவையில்லாமல் வெட்டியும் பின்பக்கம் இன்னும் உரசிக்கொண்டும் இருப்பது இதனால்தான்.

பம்ப் ஸ்டாப்பை (ஆக்சில் மேலே போவதைத் தடுத்து நிறுத்தும் ரப்பர்) வைத்துப் போடும் கணக்கும் ஏமாற்றும். இரண்டு சக்கரமும் சேர்ந்து அழுந்தினால் பம்ப் ஸ்டாப் தொட்டவுடன் பயணம் முடிந்தது. ஒரு பக்கம் மட்டும் ஏறி மறுபக்கம் தொங்கும்போது ஆக்சில் அந்தப் பம்ப் ஸ்டாப்பையே அச்சாக வைத்துச் சாய்கிறது. அதற்கு வெளியே இருக்கும் டயர் இன்னும் மேலே போகிறது. பம்ப் ஸ்டாப்பிலிருந்து டயர் நடு 10 இன்ச் வெளியே இருக்கிறது, ஆக்சில் 15 டிகிரி சாய்கிறது என்று வைத்துக்கொண்டால் கூடுதலாக 2.6 இன்ச் ஏறும். 15 டிகிரி என்பது பெரிய சாய்வல்ல. இந்த அகலத்துக்கு ஒரு சக்கரம் மற்றதைவிட 15 இன்ச் உயரத்தில் இருந்தால் போதும். அதே சாய்வில் 33 இன்ச் டயரின் உச்சி, ஹப்பை ஒப்பிட 4 இன்ச்சுக்கு மேல் உள்பக்கம் சரியும். ஆகவே மேலே போன டயரின் உச்சி ஆர்ச்சுக்குள் போய்விட்டிருக்கலாம். முன்னும் பின்னும், மணி முள்ளில் பத்துக்கும் இரண்டுக்கும் இருக்கும் இடங்களில்தான் தோள் விளிம்பைப் பிடிக்கும்.

ஆகவே அளவெடுப்பதற்கே அரை நாள் ஒதுக்குங்கள். சரியான முறை: முன்சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, பின் ஸ்பிரிங்கின் முன்கண்ணுக்குச் சற்று முன்னால், பாடியோடு சேர்ந்த நீளவாட்டுச் சட்டமான ரெயிலுக்கு அடியில் இருபுறமும் ஸ்டாண்டு வைத்து பாடியைத் தூக்கி நிறுத்துங்கள். ஸ்பிரிங் கட்டைப் பிரித்து மெயின் லீஃப் மட்டும் போட்டு ஆக்சிலைத் திரும்பப் பொருத்துங்கள். இப்போது சாதாரண ஃப்ளோர் ஜாக்கியாலேயே ஆக்சிலை ஒரு பக்கம் மேலே தள்ள முடியும். முழு ஸ்பிரிங்கோடு முயன்றால் ஸ்பிரிங் அழுந்துவதற்கு முன் பாடி ஸ்டாண்டைவிட்டு எழும்பும், அது ஆபத்து. ஷாக் அப்சார்பரைக் கழற்ற வேண்டியிருந்தால் கீழ்முனையை மட்டும் கழற்றுங்கள். மேல் போல்ட்டுகள் துருப்பிடித்துப் பாடிக்குள்ளேயே முறிவதற்கு எக்ஸ்ஜே பேர்போனது. ஆர்ச் வேலைக்கு வந்தவன் இரண்டு நாள் முறிந்த போல்ட்டோடு போராட வேண்டாம். பிரேக் ஹோஸ் தொங்கும் பக்கத்தில் இழுபடாமல் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

பம்ப் ஸ்டாப் ரப்பரைக் கழற்றி, அதன் உயரத்தில் பாதிக்கு ஒரு மரக்கட்டை வையுங்கள். உண்மையான அடியில் ரப்பர் பாதிவரை நசுங்கும்; ஜாக்கியால் அதை நசுக்க முடியாது. பிறகு ஆக்சிலை அந்தக் கட்டை தொடும்வரை தூக்கி, மறுபக்கத்தை ஷாக் விடும் அளவுக்குத் தொங்கவிடுங்கள். டயரை மாட்டிப் பார்க்க முடியாது, அது முன்பே ஆர்ச்சில் முட்டி நின்றுவிடும். ஆகவே டயர் இல்லாத அதே அளவு ரிம்மை மாட்டி, அதன் வெளி முகத்தில் குறுக்காக ஒரு மரச்சட்டத்தைக் கட்டுங்கள். டயர் தோள் இருக்கும் தளத்தில் சட்டம் சுழல வேண்டும். ரிம் விளிம்பைவிட டயர் எவ்வளவு புடைக்கிறதோ அவ்வளவுக்கு அடியில் துண்டுக்கட்டை கொடுங்கள். மையத்திலிருந்து சட்டத்தின் நுனி 17.75 இன்ச்: டயரின் ஆரம் 16.5, அதற்குமேல் 1.25. சேற்றில் ஓட்டுபவர் 1.5 வைத்துக்கொள்ளலாம். கியரை நியூட்ரலில் போட்டு, பிரேக்கை விட்டு, ரிம்மைக் கையால் சுழற்றினால் சட்டத்தின் நுனி எங்கெல்லாம் தகட்டில் இடிக்கிறதோ அதுதான் உங்கள் வண்டிக்கான வெட்டுக்கோடு. ஆர்ச்சைச் சுற்றி இரண்டு வரிசை மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் மார்க்கரால் குறியுங்கள். இரண்டு பக்கத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். பழைய வண்டிகளில் ஆக்சில் நடுவில் இருப்பதில்லை. இடமும் வலமும் கால் இன்ச் வேறுபட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

கோட்டைப் பார்த்ததும் பயந்துபோகிறவர்களுக்கு இரண்டு மாற்று வழி உண்டு. பம்ப் ஸ்டாப்பை நீட்டி டயர் ஆர்ச்சைத் தொடுமுன் நிறுத்திவிடலாம். மலிவு, ஒரு மணி நேர வேலை, சாலையில் மட்டும் ஓட்டுபவருக்கு இதுவே போதும். ஆனால் மேல்பயணம் குறைந்துபோகும். லிஃப்ட் போட்டதன் பயனில் பாதியைத் திருப்பிக் கொடுத்தது போலாகும். அடுத்தது, ஸ்பிரிங் பர்ச்சில் (ஆக்சிலில் ஸ்பிரிங் உட்காரும் மேடை) சென்டர் பின்னுக்கு வேறு துளை போட்டு ஆக்சிலை அரை இன்ச் முன்னேயோ பின்னேயோ தள்ளுவது. முன்னே என்றால் கதவுப்பக்கம் நெருங்கும், பின்னே என்றால் பம்பர் பக்கம் நெருங்கும். மேலும் பின்னே தள்ளினால் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து (நான்கு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் பெட்டி) ஸ்லிப் யோக், அதாவது பின் டிரைவ் ஷாஃப்டின் சறுக்கும் முனை, வெளியே இழுபடும், அது எத்தனை இன்ச் உள்ளே மீதம் இருக்கிறது என்று அளக்காமல் தொடக்கூடாது. 31 இன்ச் டயருக்கு இவை இரண்டும் பேசத்தக்கவை. 33க்கு வெட்டுதான்.

தகடு எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். வெளியே தெரியும் குவார்ட்டர் பேனல் ஒன்று. டயரைச் சுற்றி உள்ளே வளைந்து போகும் உள்கூடு இன்னொன்று. இரண்டும் ஆர்ச் விளிம்பில் மட்டும் ஒட்டி, ஸ்பாட் வெல்டிங்கால் சேர்க்கப்பட்டிருக்கின்றன. விளிம்பிலிருந்து மேலே போகப்போக இரண்டும் விலகும். ஓர் இன்ச் உயரத்தில் சிறு இடைவெளி, மூன்று இன்ச் உயரத்தில் விரல்கள் புகும் அளவு. உள்கூட்டுக்கு அந்தப்புறம் நேராக கேபின்தான். டிரிம் பேனல் மட்டுமே தடுப்பு. அதை மேலே வெட்டி ஓட்டையாக விட்டால் சேறு மட்டுமா வரும்? எக்ஸ்ஜேயின் சைலன்சர் புகை ஏற்கனவே டிக்கிக் கதவு வழியே உள்ளே இழுபடும் குணமுடையது. ஆர்ச்சில் ஓர் ஓட்டை இருந்தால் கார்பன் மோனாக்சைடு பயணிகளிடம் போக நேர்வழி. ஆகவே சீல் செய்வது அழகுக்கான வேலை அல்ல.

சிறிய வெட்டுக்கு ஒரு சுலப முறை இருக்கிறது. விளிம்பின் இரண்டு தகட்டையும் பிரிக்காமல், ஓர் இன்ச்சுக்கு ஒன்றாக மேல்நோக்கிக் கீறல்கள் போட்டு, ஒவ்வொரு துண்டையும் உள்பக்கமாக மடித்துக் கூட்டோடு சேர்த்து அடித்துவிடுவது. முக்கால் இன்ச் முதல் ஓர் இன்ச்வரை கிடைக்கும். ஸ்பாட் வெல்டிங் அப்படியே இருப்பதால் பெட்டி திறக்காது, கீறல்களை மட்டும் சீலரால் (இடுக்கு அடைக்கும் பசை) அடைத்தால் போதும். 31 இன்ச் டயருக்கு இதற்குமேல் செய்வது வீண். ஆனால் 33க்கு மேலே 2 முதல் 3 இன்ச் தேவைப்படும். அங்கே துண்டுகள் மடிந்து மடிந்து கட்டியாகி, அவற்றின் கூர்முனைகள் டயரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பெரிய வெட்டுக்கு இரண்டு தகட்டையும் வெவ்வேறு கோட்டில் வெட்டவேண்டும்: வெளித்தகடு மேல்கோட்டில், உள்தகடு அதற்குக் கீழே. மீந்து தொங்கும் உள்தகட்டை வெளியே மடித்து வெளித்தகட்டோடு சேர்ப்பது. இதைத்தான் எக்ஸ்ஜேக்காரர்கள் கட் அண்டு ஃபோல்டு என்கிறார்கள்.

கிரைண்டரை எடுக்குமுன் வண்டியை வெறுமையாக்குங்கள். பிளாஸ்டிக் ஃப்ளேர் (ஆர்ச் விளிம்பின்மேல் வெளியே நீளும் உறை), பம்பரின் முனை மூடி, உள்ளே பின்பக்க டிரிம், கார்பெட், கூட்டின்மேல் ஒட்டியிருக்கும் சத்தம் அடக்கும் பொருள் எல்லாம் வெளியே. சீட் பெல்ட்டின் ரீல் அந்தப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதை அவிழ்த்துத் தள்ளி வைத்துவிடுங்கள், தீப்பொறி பட்ட பெல்ட்டைத் திரும்ப மாட்டக்கூடாது. ஸ்டெப்னியும் வயரிங்கும் இடப்பக்கம். பெட்ரோல் ஊற்றும் குழாயும் இடப்பக்கம்தான், சக்கரத்துக்குப் பின்னால். டாங்க் ஆக்சிலுக்குப் பின்னே. இடப்பக்க ஆர்ச்சின் பின்பாதியில் வெட்டுமுன் குழாயும் அதன் சிறு காற்றுக் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று கையை விட்டுத் தடவிப் பார்த்து, ஈரத்துணியும் தீத்தடுப்புப் போர்வையும் போர்த்துங்கள். பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றுங்கள். கண்ணாடிகளை மூடுங்கள், கிரைண்டர் பொறி கண்ணாடியில் பதிந்தால் தேய்த்தாலும் போகாது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பழைய அண்டர்கோட்டிங் சூட்டில் கருகி வரும் புகையும் துத்தநாகப் பூச்சின் புகையும் நெஞ்சைப் பிடிக்கும். காகித முகமூடி போதாது, ஃபில்டர் வைத்த முகமூடி வேண்டும்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை: 4.5 இன்ச் கிரைண்டர், 1 மில்லிமீட்டர் கட்டிங் டிஸ்க் ஐந்தாறு, 80 கிரிட் ஃப்ளாப் டிஸ்க், இடம் வலம் இரண்டு தகரக் கத்தரி, ஒன்றரைக் கிலோ சுத்தியல், முட்டுக்கொடுக்கும் டாலி, தகடு மடிக்கும் அகலவாய் இடுக்கி, வைஸ் கிரிப் அரை டஜன், 0.6 மில்லிமீட்டர் வயர் போட்ட மிக் வெல்டர். தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம். இதில் ஆர்க் வெல்டிங் ராடைக் கொண்டுபோனால் ஓட்டைதான் விழும்.

வெட்டுமுன் இன்னொரு அளவு. மேல்கோட்டில் நான்கைந்து இடத்தில் 3 மில்லிமீட்டர் துளையை வெளித்தகட்டில் மட்டும் போட்டு, கம்பியை நுழைத்து உள்தகடு எவ்வளவு ஆழத்தில் இடிக்கிறது என்று பாருங்கள். அந்த இடைவெளியோடு முக்கால் இன்ச் சேர்த்தால், மடிப்பதற்கு அங்கே எவ்வளவு உள்தகடு மிச்சம் வைக்க வேண்டும் என்பது வரும். 2.5 இன்ச் வெட்டும் இடத்தில் இடைவெளி 1 இன்ச் என்றால் 1.75 இன்ச் உள்தகடு தேவை. அடியிலிருந்து முக்கால் இன்ச் மட்டும் வெட்டி எறியலாம். ஆர்ச்சின் இரு கீழ்முனைகளில் வெட்டே ஓர் இன்ச்தான் இருக்கும். அங்கே உள்தகடு துளியும் வெட்டாமல் இருந்தால்தான் எட்டும். எட்டாத இடம் தெரிந்தால் இப்போதே அதற்கு ஒரு பட்டைத் தகடு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வெட்டு வெளித்தகட்டில் மட்டும். டிஸ்க்கைச் சாய்த்து, நுனி மட்டும் இறங்கும்படி, ஒரே இழுப்பில் ஆழமாகப் போகாமல் இரண்டு மூன்று தடவையாக ஓட்டுங்கள். கோட்டுக்குக் கால் இன்ச் கீழே முதலில் வெட்டி, பிறகு ஃப்ளாப் டிஸ்க்கால் கோட்டுக்குக் கொண்டுவருவது நல்லது. வெட்டிய துண்டு இன்னும் விளிம்பில் ஸ்பாட் வெல்டிங்கால் தொங்கும். விளிம்பை ஒட்டி அடியில் அறுத்தால் அது கையோடு வந்துவிடும். இப்போது உள்தகடு வெளிப்படையாகத் தெரியும். பெரும்பாலான வண்டிகளில் இந்த இடத்தில் பல வருட மண் கேக்காக உறைந்திருக்கும். உப்புத் தூவும் ஊர்களில், ஒஹாயோ, மிச்சிகன், ஒன்டாரியோ பக்கம் ஓடிய வண்டி என்றால், அந்த மண்ணுக்குப் பின்னால் தகடே இல்லாமலும் இருக்கலாம். கழுவி, காயவைத்து, சுத்தியல் முனையால் குத்திப் பாருங்கள். மெத்தென்று போனால் அந்தத் தகட்டை மடிக்க முடியாது, புதுத் தகடு ஒட்டவேண்டும்.

உள்தகட்டை அதன் கோட்டில் கத்தரியால் வெட்டி, கீறல்கள் போடுங்கள். மேல்வளைவில் ஒன்றரை இன்ச்சுக்கு ஒன்று, முன்னும் பின்னும் வளைவு குறைந்த இடத்தில் இரண்டு இன்ச்சுக்கு ஒன்று. கீறல் மடிப்புக்கோடுவரை போகக்கூடாது. 3 மில்லிமீட்டர் முன்னதாக நிறுத்தி, அந்த முனையில் ஒரு சிறு துளை போட்டுவிடுங்கள். துளை இல்லாத கீறல் பின்னால் அதிர்வில் உள்கூட்டுக்குள் கிழிந்துகொண்டே போகும்.

மடிப்பு இரண்டு நிலை. முதலில் அகலவாய் இடுக்கியால் ஒவ்வொரு துண்டையும் மேல்கோட்டின் உயரத்தில் வெளியே திருப்பிப் படுக்கவையுங்கள். எல்லாத் துண்டும் படுத்தபின் நுனி முக்கால் இன்ச்சை மேல்நோக்கித் திருப்புங்கள். ஒரு துண்டை முழுவதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள், வளைவு கோணலாகிவிடும். நுனி வெளித்தகட்டின் பின்னால் போகவேண்டுமா, முன்னால் வரவேண்டுமா என்பதில் சண்டையே நடக்கும். ஃப்ளேர் மாட்டப்போகிறவர் முன்னால் கொண்டுவரலாம்: அடிக்கவும் பற்றவைக்கவும் எளிது, ஃப்ளேர் மறைத்துவிடும். ஃப்ளேர் இல்லாமல் விடப்போகிறவர் பின்னால்தான் விடவேண்டும். முன்னால் விட்டால் மேல்நோக்கித் திறந்த ஒரு வாய் உண்டாகி, பேனலில் வழியும் தண்ணீரெல்லாம் அதில் இறங்கும்.

துண்டுகள் மடியும்போது விரிந்து போகும். 16 இன்ச் ஆரத்தில் இருந்த நுனி 18.5 இன்ச் ஆரத்துக்குப் போகிறது. ஒன்றரை இன்ச் துண்டுகளுக்கு இடையே நுனியில் 6 மில்லிமீட்டர் அளவுக்கு ஆப்பு வடிவ இடைவெளி விழும். இதைச் சீலரால் மட்டும் அடைப்பது நிற்காது. பின்னால் ஒரு சிறு தகட்டுப் பட்டை கொடுத்துப் பற்றவைக்கவும்.

பின்கதவு. இரண்டு கதவு எக்ஸ்ஜே வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. நான்கு கதவில் ஆர்ச்சின் முன்பகுதி கதவின் பின்மூலையிலேயே இருக்கிறது. கதவின் வெளித்தகடு உள்சட்டத்தின்மேல் சுற்றி மடிக்கப்பட்டது. அந்த மடிப்பை அறுத்தால் இரண்டும் பிரிந்து கதவு சொத்தென்று ஆகிவிடும். ஆகவே இங்கேயும் அதே விதி: உள்சட்டத்தின் விளிம்பைக் கோட்டில் வெட்டி, வெளித்தகட்டில் அரை இன்ச் கூடுதலாக விட்டு, அதைச் சுற்றி மடித்து அடிக்க வேண்டும். கதவைத் திறந்தால் எதிரே பாடியில் தெரியும் ரப்பர் சீல் உட்காரும் கோடுதான் எல்லை. அதைத் தொட்டுவிட்டால் மழையும் புழுதியும் நிரந்தர விருந்தாளி. பாடிப் பக்கத்து வளைவில் ஸ்பாட் வெல்டிங் அறுபட்டால் அங்கே ரிவெட் போதாது, வெல்டிங் கட்டாயம். அது ராக்கர் பேனல் (கதவுகளுக்கு அடியில் ஓடும் பெட்டித் தகடு) போய்ச் சேரும் மூலை, சுமை தாங்குகிற இடம். நல்ல செய்தி என்னவென்றால், அழுந்தும் டயர் பின்னே நகர்வதால் கதவுப்பக்கம் பெரும்பாலும் அளவெடுத்த மரச்சட்டத்தின் நுனி லேசாகத்தான் தொடும். அங்கே 1.25 இன்ச் இடைவெளிக்குப் பதில் முக்கால் இன்ச்சோடு திருப்திப்பட்டு, கதவைப் பிழைக்கவிடுவது என் யோசனை.

சேர்ப்பதற்கு வெல்டிங்தான் முதல் தேர்வு. மடிப்பு சேரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, ஜிங்க் பிரைமர் பூசி, வைஸ் கிரிப்பால் கவ்வி, புள்ளி புள்ளியாக வையுங்கள். ஓர் இன்ச்சுக்கு ஒரு புள்ளி. அடுத்தடுத்து வைக்காமல் மேலே ஒன்று, பின்னே ஒன்று, முன்னே ஒன்று என்று தாவுங்கள். நீளமாக ஒரே ஓட்டத்தில் இழுத்தால் குவார்ட்டர் பேனல் அப்பளமாக நெளிந்துவிடும். அதைத் திரும்பத் தட்டி எடுப்பதற்குள் பட்டி பூசியே கை ஓயும். எர்த் கிளாம்ப் வெல்டிங் செய்யும் இடத்துக்கு அருகிலேயே இருக்கட்டும். வெல்டர் இல்லாதவர்கள் இரண்டு பாகம் கலக்கும் பேனல் பசையும் ஸ்டீல் ரிவெட்டும் சேர்த்துப் போடலாம். வெறும் உலோகம் தெரியும்வரை சுரண்டி, பசை இறுகும்வரை கவ்வி வைத்தால் நிற்கும். வெறும் ரிவெட், வெறும் சிலிக்கான் என்று போனவர்களின் வண்டியில் ஒரு குளிர்காலத்தில் துரு எட்டிப்பார்க்கும். வீட்டுக் குளியலறைக்குப் போடும் சிலிக்கானில் அமிலம் வெளிவரும், மேலே பெயின்ட்டும் பிடிக்காது. அதை ஆர்ச் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

பூச்சின் வரிசை முக்கியம். வெறும் தகட்டின்மேல் எபாக்சி பிரைமர், அது காய்ந்தபின் பாலியூரித்தேன் சீம் சீலர், அதன்மேல் பெயின்ட், கடைசியாகக் கல்லடி தாங்கும் ரப்பர் பூச்சு. சீலரை நேராக வெறும் தகட்டில் போட்டால் அதன் அடியிலேயே துரு ஓடும், ஒரு வருடம் கழித்து முழுச் சீலரும் தோலாக உரிந்து வரும்போதுதான் தெரியும். சீலரை விரலால் மடிப்பின் உள்ளே அழுத்தித் தேய்க்க வேண்டும். மேலோடு கோடு இழுத்தால் போதாது. கேபின் பக்கமும் ஒரு வரி. காய்ந்ததும் இருட்டில் ஒருவர் ஆர்ச்சுக்குள் பலமான டார்ச் அடிக்க, மற்றவர் டிரிம் போடாத கேபினுக்குள்ளிருந்து பாருங்கள். வெளிச்சப் புள்ளி தெரியும் இடமெல்லாம் புகை வரும் இடம். அதை அடைத்தபின் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்தும் பார்த்துவிடுங்கள். எல்லாம் முடிந்தபின் இரண்டு தகட்டுக்கும் நடுவில் இருக்கும் பொந்துக்குள் கேவிட்டி வேக்ஸ் (துரு தடுக்கும் மெழுகு) அடியுங்கள். அடியில் தண்ணீர் வடியும் சிறு துளைகளைச் சீலரோ வேக்ஸோ அடைத்திருந்தால் கம்பியால் குத்தித் திறங்கள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு வார இறுதி போதும் என்பார்கள். வெட்டி மடிக்கப் போதும். பிரைமரும் சீலரும் காய்வதற்கு அவை கேட்கும் நேரத்தைக் கொடுத்தால் போதாது.

பம்பரின் பிளாஸ்டிக் முனை மூடி ஆர்ச்சின் பின்முனை வரை வருவதால் அதையும் கோட்டோடு வெட்டவேண்டியிருக்கும்; கூர்மையான கத்தி போதும். டயர் பாடிக்கு வெளியே தெரியக்கூடாது என்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் விதி உண்டு, மாநிலத்துக்கு மாநிலம் அளவு மாறும். ஆகவே இந்த அகல ரிம்முக்கு ஃப்ளேர் பெரும்பாலும் தேவைப்படும். கட்-அவுட் வகை ஃப்ளேர் வாங்குவதாக இருந்தால் வெட்டுமுன் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: அதன் விளிம்பு உங்கள் வெட்டுக்கோட்டை மறைக்குமா என்று டேப் ஒட்டிய நிலையிலேயே பிடித்துப் பார்க்கலாம். ஃப்ளேரின் போல்ட் துளைகளிலும் பிரைமர் தொட்டு வையுங்கள். ஃப்ளேருக்குள் சேறு தங்கும், கழுவும்போது அதையும் கழுவவேண்டும்.

கடைசியாகப் பம்ப் ஸ்டாப். வெட்டியபின்னும் அது வேண்டும். ஸ்பிரிங்கை முழுதாகக் கட்டி, ரப்பரைத் திரும்ப மாட்டி, 33 டயரோடு ஒரு பக்கத்தை ராம்ப்பிலோ பாறையிலோ ஏற்றுங்கள். ஏற்றுமுன் டயரின் தோளிலும் பக்கச்சுவரிலும் சுண்ணாம்புக்கட்டியைத் தாராளமாகத் தேய்த்துவிடுங்கள். ஆர்ச்சில் வெள்ளை பட்ட இடம்தான் தொடும் இடம். முழு அழுத்தத்தில் எங்கும் அரை இன்ச்சுக்குக் குறையாமல் இடைவெளி வேண்டும். குறைந்தால் ஆர்ச்சை மறுபடி வெட்டாமல் பம்ப் ஸ்டாப்பை அரை இன்ச் நீட்டுங்கள். ஷாக் அப்சார்பர் அடிதட்டுமுன் பம்ப் ஸ்டாப் தொடுகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்: ஷாக் தண்டில் ஒரு ரப்பர் வளையத்தையோ கேபிள் டையையோ மாட்டி வைத்தால் அது எவ்வளவு தூரம் தள்ளப்பட்டிருக்கிறது என்று காட்டும். பிறகு பின்னால் சுமையேற்றி, வேகத்தடையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து அழுந்தும்படி ஒரு தடவை ஓட்டுங்கள். அங்கே சாய்வு இல்லாததால் டயரின் உச்சி உள்ளே ஒதுங்காது. ராம்ப்பில் தொடாத மேல்விளிம்பு இங்கே தொடலாம்.